திண்ணையோரக் கறை: எஞ்சின் எண்ணெய்க் கசிவின் சிறு வரலாறு

1

நண்பர் மறைந்து பதினோரு மாதங்கள் கடந்திருந்தன. அவர் விட்டுச்சென்ற புத்தகங்களை நாங்கள் நால்வரும் பட்டியலிட்டு, எவை எந்த நூலகத்துக்கு என்று பிரித்து முடித்திருந்தோம். எஞ்சியது ஒரு வண்டி மட்டுமே. 1980களின் நடுவில் வாங்கப்பட்ட புல்லட். 350 சிசி, வார்ப்பிரும்பு சிலிண்டர். இலக்கியக் கூட்டங்களுக்கும் புத்தகக் கண்காட்சிகளுக்கும் எங்களில் யாரேனும் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவர் ஓட்டிவந்த வண்டி. அவர் பேச்சில் பாதியை நாங்கள் அதன் சத்தத்தில் இழந்திருக்கிறோம்.

வண்டி அவர் வீட்டுத் திண்ணையோரம் நின்றது. அடியில் ஒரு கறை இருந்தது. சிமெண்டுத் தரையில் ஊறி, கருத்து, ஆண்டுக்கு ஆண்டு அகன்றுகொண்டே வந்த எண்ணெய்க் கறை. அக்கா (நண்பரின் துணைவியாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) ஒருநாள் சொன்னார்: “பொங்கலுக்கு வாசல் தெளிச்சுக் கோலம் போடணும். அதுக்குள்ள ஒழுகறது நின்னுதுன்னா நீங்களே எடுத்து ஓட்டுங்க. இல்லைன்னா பழைய இரும்புக் கடைக்காரர்கிட்டச் சொல்லிடறேன். தினமும் இதைப் பார்த்துக்கிட்டு என்னால உட்கார முடியல.”

அந்தக் குரலில் கோபம் இல்லை. ஆகவேதான் எங்களால் தட்டிக்கழிக்க இயலவில்லை.

இரண்டு பட்டறைகளில் வண்டியை விட்டோம். இரண்டிலும் பேக்கிங் மாற்றினார்கள், நட்டுகளை முறுக்கினார்கள், சிலிக்கான் பசை அப்பினார்கள். ஓரிடத்தில் நின்ற கசிவு பத்து நாளில் வேறிடத்தில் தொடங்கியது. பின்னர் எங்களுக்குத் தெரிந்த ஒரே வேலையை நாங்கள் செய்தோம்: படிக்கத் தொடங்கினோம். எஞ்சினிலிருந்து எண்ணெய் ஏன் ஒழுகுகிறது என்ற கேள்விக்கு விடை தேடிப் போனவர்களுக்கு, எண்ணெய் எஞ்சினுக்குள் தங்க வேண்டும் என்ற எண்ணமே காலத்தால் பிந்தியது என்று தெரியவந்தது. இக்கட்டுரை அந்த வாசிப்பின் குறிப்பு. அந்த வண்டியின் கதையும் கூட.

2

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மோட்டார் சைக்கிளில் எண்ணெய் சுற்றி வருவதில்லை. ஒருவழியாகப் போகும், திரும்பாது. பெட்ரோல் டாங்கின் பக்கத்தில் சிறிய எண்ணெய்க் கலமும் கையால் அழுத்தும் பம்பும் இருக்கும். ஓட்டுபவர் சில மைல்களுக்கு ஒருமுறை பம்பை அழுத்துவார். ஏற்றம் வந்தால் கூடுதலாக ஓர் அழுத்து. உள்ளே சென்ற எண்ணெய் சுழலும் பாகங்களால் சிதறடிக்கப்பட்டு, உராயும் இடங்களை நனைத்து, ஒரு பகுதி எரிந்து புகையாகும். மறு பகுதி துளைகள் வழியே சாலையில் விழும். ‘மொத்த இழப்பு முறை’ என்று இதைப் பொறியாளர்கள் அழைத்தார்கள். அந்த ஏற்பாட்டில் கசிவு என்ற சொல்லுக்கே இடமில்லை. எண்ணெய் வெளியேறவில்லை என்றால்தான் ஓட்டுபவர் கவலைப்பட வேண்டும். உள்ளே எண்ணெய் போகவில்லை என்பதற்கு அது அடையாளம்.

இம்முறையின் உச்சத்தை முதல் உலகப்போரின் வானில் காணலாம். அக்காலத்து விமானங்கள் பலவற்றில் ‘நோம்’ போன்ற சுழல் எஞ்சின்கள் இருந்தன. அவற்றில் கிராங்க் தண்டு அசையாமல் நிற்க, சிலிண்டர்கள் அனைத்தும் விசிறியோடு சேர்ந்து சுழலும். எரிபொருள் கலவை கிராங்க் அறையின் வழியாகவே சிலிண்டருக்குச் செல்ல வேண்டியிருந்ததால், பெட்ரோலில் எளிதில் கரையாத எண்ணெய் தேவைப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்டது ஆமணக்கெண்ணெய், நம் வீடுகளில் குழந்தைகளின் வயிற்றைச் சுத்தம் செய்யப் புகட்டப்பட்ட அதே விளக்கெண்ணெய். எரியாத எண்ணெய் புகைப்போக்குடன் வெளியே தெறித்து, திறந்த இருக்கையில் அமர்ந்திருந்த விமானியின் முகத்திலும் கழுத்துத் துணியிலும் படிந்தது. அவர்களின் வயிறு பட்ட பாட்டைப் பற்றிய கதைகள் பல. இன்று உலகெங்கும் அறியப்படும் ‘காஸ்ட்ரால்’ என்ற பெயர்கூட ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான ‘காஸ்ட’ரிலிருந்து வந்ததுதான். சார்லஸ் வேக்ஃபீல்டு 1899இல் தொடங்கிய நிறுவனம் 1909இல் ஆமணக்கெண்ணெய் கலந்த தன் மசகெண்ணெய்க்கு அப்பெயரை இட்டது.

எண்ணெயைத் திரும்ப எடுத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு பரவியபோதுதான், எஞ்சின் ஒரு பாத்திரமாக மாறியது. பாத்திரம் என்று ஆன பிறகே ஒழுகல் ஒரு குறையாயிற்று.

3

எஞ்சின் என்னும் பாத்திரத்திலிருந்து எண்ணெய் வெளியேற மூன்று வாயில்கள் உண்டு. ஒவ்வொன்றையும் அடைக்க மனிதர்கள் கையாண்ட பொருட்களைப் பார்த்தால், அதுவே தனி வரலாறாக விரிகிறது.

முதல் வாயில், இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் இணைப்பு. எவ்வளவு மழித்துத் தேய்த்தாலும் இரு உலோகங்களுக்கிடையே நுண்ணிய பள்ளங்கள் எஞ்சும். எனவே இடையில் மென்மையான ஒன்றை வைத்து இறுக்க வேண்டும். இதைத்தான் நம் பட்டறைகளில் ‘பேக்கிங்’ என்கிறார்கள். காகிதம், தக்கை, செம்புத் தகடுகளுக்கிடையே வைத்த கல்நார் என்று பலவும் இப்பணியைச் செய்திருக்கின்றன. போர்ச்சுகலின் ஓக் மரப்பட்டையிலிருந்து வந்த தக்கை அழுத்தினால் விட்டுக்கொடுக்கும், விட்டால் மீளும். ஆயினும் ஆண்டுகள் செல்ல உலர்ந்து சுருங்கும். காகிதத்தின் மேல் தடவ இந்திய மெக்கானிக்குகள் நெடுங்காலம் பயன்படுத்திய ‘ஷெல்லாக்’, அரக்குப் பூச்சிகள் மரக்கிளையில் சுரக்கும் பிசினிலிருந்து செய்யப்படுவது. சோட்டா நாக்பூர்க் காடுகளின் அரக்கு, வளையலுக்கும் தபால் முத்திரைக்கும் போனதுபோல எஞ்சினின் மூட்டுகளுக்கும் போயிற்று.

இரண்டாம் வாயில், சுழலும் தண்டு உள்ளிருந்து வெளியே வரும் துளை. இதுதான் கடினமானது. தண்டு சுழல வேண்டும். அதைச் சுற்றி எண்ணெயும் நிற்க வேண்டும். தொடக்கத்தில் கம்பளி நமுடா வளையம் வைத்தார்கள். அது எண்ணெயைத் தடுப்பதைவிட உறிஞ்சித் தாமதப்படுத்தியது என்பதே பொருந்தும். வேறு சிலர் தண்டின் மீதே சுழலுக்கு எதிர்த்திசையில் திருகுபோன்ற பள்ளம் வெட்டினார்கள். தண்டு சுழலும்போது அப்பள்ளம் எண்ணெயை உள்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். எந்தப் பொருளும் உராய்வதில்லை, எதுவும் தேய்வதில்லை. கேட்க அழகான ஏற்பாடு. ஆனால் தண்டு நின்றவுடன் தள்ளுவதற்கு யாருமில்லை. மிச்சமிருக்கும் சில துளிகள் மெல்ல வெளியே வரும். அம்பாசடர் காரில் நெடுங்காலம் இருந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், பிரிட்டனின் ‘பி’ வரிசை எஞ்சினின் வழிவந்தது. இந்தத் திருகுபள்ளக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2014இல் உற்பத்தி நிற்கும்வரை அந்தக் காரின் கீழே துளி கண்டு முகம் சுளித்தவர்களில் எத்தனை பேருக்கு, அத்துளிகளில் சில வரைபடப் பலகையிலேயே அனுமதிக்கப்பட்டவை என்று தெரிந்திருக்கும்?

இவ்வாயிலுக்கான நல்ல விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் 1849 முதல் இயங்கிவந்த ஃப்ராய்டன்பர்க் என்ற தோல் பதனிடும் நிறுவனம், உலகப் பொருளாதாரம் சரிந்த 1929ஆம் ஆண்டில் தோலால் ஆன அடைப்பு வளையங்களைச் செய்யத் தொடங்கியது. ஆஸ்திரியப் பொறியாளர் வால்டர் சிம்மரின் பெயரால் ‘சிம்மர் வளையம்’ என்று அழைக்கப்பட்ட அதன் உதடு போன்ற விளிம்பை, வட்டமான சுருள்வில் ஒன்று தண்டின் மேல் மெல்ல அழுத்திப் பிடித்தது. 1936இல் தோலின் இடத்துக்குச் செயற்கை ரப்பர் வந்தது. இன்று ‘ஆயில் சீல்’ என்று கடையில் கேட்டு வாங்கும் கருப்பு வளையம் அதன் பேரப்பிள்ளை. நாங்கள் படித்து வியந்த செய்தி ஒன்றுண்டு: நன்றாக வேலை செய்யும் சீல், தண்டை உலர்ந்த நிலையில் தொடுவதில்லை. இடையில் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நிற்கிறது. அப்படலம் இல்லையேல் ரப்பர் கருகிவிடும். எண்ணெயைத் தடுக்கும் பொருளைக் காப்பதும் எண்ணெயே.

மூன்றாம் வாயில் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது காற்று. நாங்கள் தவறவிட்டது இதைத்தான். ஆகவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிஸ்டன் மேலே போகும்போது அதன் கீழே உள்ள கிராங்க் அறையின் கொள்ளளவு கூடுகிறது. கீழே வரும்போது குறைகிறது. நான்கு சிலிண்டர் காரில் இரண்டு பிஸ்டன்கள் இறங்கும்போது மற்ற இரண்டு ஏறுவதால் கூட்டலும் கழித்தலும் ஏறக்குறைய சமனாகிவிடும். ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் சமன் செய்ய யாருமில்லை. 346 சிசி கொள்ளளவுள்ள எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் 346 கன சென்டிமீட்டர் காற்று கீழே தள்ளப்படுகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு ஐம்பது முறை. இதோடு பிஸ்டன் வளையங்களின் ஓரமாக நழுவி இறங்கும் எரிவாயுவும் சேரும். வளையங்கள் தேயத் தேய இந்த வாயு கூடும். இந்தக் காற்றுக்கு ஒரு வழி விடாவிட்டால் அது தானே வழி தேடும். தக்கை, காகிதம், ரப்பர் எதுவாயினும் பலவீனமான இடத்தில் எண்ணெயைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வெளியேறும்.

பழைய கார்களில் இதற்கென எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு குழாய் சாலையை நோக்கி இறங்கியிருக்கும். வண்டி ஓடும்போது கீழே வீசும் காற்று உள்ளிருக்கும் ஆவியை இழுத்துவிடும். அந்த ஆவி போன இடத்தைப் பற்றி நெடுங்காலம் எவரும் கவலைப்படவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரியும் புகைமூட்டம் சூழ்ந்தபோது, வாகனங்களும் ஆலைகளும் உமிழும் ஹைட்ரோகார்பன்கள் வெயிலில் மாறியே அம்மூட்டம் உண்டாகிறது என்று வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட் 1950களின் தொடக்கத்தில் காட்டினார். கலிபோர்னியாவில் 1961ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்தும், அமெரிக்கா முழுவதும் 1963ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்தும் கிராங்க் அறையின் ஆவியை மீண்டும் எஞ்சினுக்கே செலுத்தி எரிக்கும் வால்வு வந்தது. காற்றைச் சுத்தப்படுத்த வந்த அந்தச் சிறு வால்வு, உள்ளழுத்தத்தையும் தணித்தது.

4

இனி எங்கள் வண்டியின் வம்சத்துக்கு வரலாம்.

இங்கிலாந்தின் ரெடிட்ச், ஊசி செய்யும் ஊர். ஊசி செய்த தொழிற்சாலை ஒன்றின் வழிவந்ததே ராயல் என்ஃபீல்டு. சைக்கிள் செய்து, பிறகு 1901இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. ‘புல்லட்’ என்ற பெயர் 1930களின் தொடக்கத்தில் வந்தது. நாம் அறிந்த வடிவம், பின்சக்கரம் வில்லின் மேல் ஆடும் வடிவம், இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தையது. எல்லைப்புறக் காவலுக்கு இந்திய ராணுவம் அவ்வண்டியை நாடியதன் தொடர்ச்சியாக, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் ரெடிட்ச் நிறுவனத்துடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. 1957இல் வார்ப்பு, கடைசல் கருவிகளும் வந்தன. 1962க்குள் முழு வண்டியும் இங்கேயே உருவாயிற்று.

அடுத்து நடந்தது தொழில் வரலாற்றில் அரிதாகக் காண்பது. 1967இல் ரெடிட்ச் ஆலை மூடப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் ஆங்கில நிறுவனமே இல்லாது போயிற்று. பிள்ளை மட்டும் திருவொற்றியூரில் பழைய வடிவத்திலேயே வளர்ந்துகொண்டிருந்தது. 1977இல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. சொந்த ஊரில் மறக்கப்பட்ட சொல் புலம்பெயர்ந்தவர்களின் வாயில் பிழைத்திருப்பது போன்ற நிகழ்வு இது.

அந்த எஞ்சினின் அமைப்பிலேயே கசிவின் கதை எழுதப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ இரண்டேகால் லிட்டர் எண்ணெய், கிராங்க் அறைக்குப் பின்னால் அதே வார்ப்பில் அமைந்த தனி அறையில் இருக்கும். பம்பு ஒன்று அதை எடுத்துக் கொடுக்கும். மற்றொன்று சிதறியதைத் திரட்டித் திருப்பி அனுப்பும். எஞ்சின், கிளட்சு, கியர் மூன்றும் தனித்தனி அறைகள். மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய். அறைகள் கூடினால் இணைப்புகள் கூடும். மேலும், கிராங்க் அறை செங்குத்தாக இரண்டாகப் பிளந்து பொருத்தப்பட்டது. ஆகவே அந்த இணைப்பின் கீழ்ப்பகுதி எப்போதும் எண்ணெயில் நனைந்தே இருக்கும். அக்காலப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவும் இப்படித்தான். 1969இல் ஹோண்டாவின் சிபி 750 வந்தபோது அதன் எஞ்சின் அறை கிடைமட்டமாகப் பிளக்கப்பட்டிருந்தது. இணைப்பு எண்ணெய் மட்டத்துக்கு மேலே நின்றது. ‘ஒழுகாத மோட்டார் சைக்கிள்’ என்று உலகம் அதிசயித்ததில் இந்த எளிய முடிவுக்கும் பங்குண்டு.

புல்லட்டிலும் பின்னாளில் எஞ்சினையும் கிளட்சையும் கியரையும் ஒரே கூட்டில் அமைத்து ஒரே எண்ணெயைச் சுற்றவிடும் அமைப்பு வந்தது. 2010ஐ ஒட்டி வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெற்றது. எங்கள் வண்டியோ பழைய தலைமுறை.

5

மூன்றாவதாக நாங்கள் போனது வடசென்னையில் ஒரு சந்துக்குள் இருந்த பட்டறை. எழுபதை நெருங்கிய பெரியவர். எல்லோரும் ‘பாய்’ என்றார்கள், நாங்களும் அப்படியே அழைத்தோம். எந்த பேக்கிங்கை மாற்ற வேண்டும் என்று கேட்டோம். “மாத்தறது இருக்கட்டும் தம்பி. எந்த எண்ணெய் ஒழுகுது?” என்றார். எங்களுக்குத் தெரியவில்லை.

அவர் சொன்னபடி வண்டியின் கீழே வெள்ளை அட்டை ஒன்றை விரித்து ஓரிரவு விட்டோம். காலையில் இரண்டு இடங்களில் துளி. ஒன்று கருப்பு; விரலில் எரிந்த வாசனை. அது எஞ்சினின் எண்ணெய். மற்றது வெளிறிய பழுப்பு. இடதுபுறக் கிளட்சு மூடிக்கு நேர்கீழே. கியர்ப்பெட்டியின் கீழே ஒன்றுமில்லை. மூன்றில் ஒன்று கழிந்தது.

அடுத்து எஞ்சின் முழுவதையும் மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து உலரவைத்தார். நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவந்து, சூடு தணிந்தபின் முகப்பவுடரை ஊதித் தூவினார். மீண்டும் சிறிது தூரம். வெண்பொடியின் மேல் ஈரம் எங்கே முதலில் தோன்றுகிறது என்பதே கேள்வி. எண்ணெய் கீழ்நோக்கி இறங்கும். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே துளி சொட்டும் இடம் கசியும் இடமல்ல. நனைந்த பகுதியில் மேலே, முன்னே எது கடைசியோ அங்கேதான் ஊற்று. எங்கள் வண்டியில் ஊற்று ஒன்றல்ல: மேலே ராக்கர் மூடியின் ஓரம், வலதுபுற டைமிங் மூடியின் விளிம்பு, கிளட்சு மூடி. முந்தைய பட்டறைகளில் புதிதாக மாற்றப்பட்ட அதே இடங்கள்.

“மூணு பேக்கிங்கும் ஒரே நாள்ல கெடுமா?” என்று கேட்டுவிட்டு பாய் தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வந்ததும் எண்ணெய் அளவைப் பார்க்கச் சொன்னார். அளவுகோலை எடுத்தோம், குறைவாகக் காட்டியது. ஊற்றப் போனோம். தடுத்தார். இவ்வகை எஞ்சினில், நாட்கணக்கில் நின்றால் பின்னறை எண்ணெய் பம்பின் வழியே மெல்ல இறங்கிக் கிராங்க் அறையில் சேர்ந்துவிடும். அளவுகோல் குறைவு என்று சொல்லும். எண்ணெயோ உள்ளேயே வேறிடத்தில் இருக்கும். அதை அறியாமல் ஊற்றினால் மிகையாகி, அதுவே ஒரு கசிவாகும். சில நிமிடங்கள் ஓடவிட்டுப் பார்த்தால் அளவு சரியாக இருந்தது. கடந்த பல மாதங்களாக நாங்கள் ஒழுகுகிறதே என்று ஊற்றியதில் எவ்வளவு தேவையற்றது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பிறகு கிளட்சு அறையின் மட்டத் திருகைக் கழற்றினார். அந்த அறையில் இன்ன அளவு என்று வரையறுத்து, மாற்றி மூன்று வாரமே ஆகியிருந்தது. ஒழுகும் அறையில் எண்ணெய் குறைந்திருக்க வேண்டும். திருகு வெளிவந்ததும் எண்ணெய் பீறிட்டு வழிந்தது. ஊற்றியதைவிட அதிகம், நிறமும் கருமை கலந்தது. பாய் முதன்முறையாகச் சிரித்தார்.

“பாத்தீங்களா, இது கசியல. இதுக்குள்ள யாரோ தள்ளறாங்க.”

எஞ்சினுக்கும் கிளட்சு அறைக்கும் நடுவில், கிராங்க் தண்டைச் சுற்றி ஒரு சீல் உண்டு. கிராங்க் அறையில் அழுத்தம் மிகுந்தால் எண்ணெய் அதைத் தாண்டிக் கிளட்சு அறைக்குள் போகும். அது நிரம்பி மூடியின் வழியே வழியும். மூடியைப் பிடிப்பது நடுவிலுள்ள ஒற்றை நட்டு. ஒழுகுகிறதே என்று அதை மேலும் மேலும் முறுக்கினால் மூடி வளைந்து விளிம்பு தூக்கும்; கசிவு கூடும். இரண்டு பட்டறைகளிலும் அதுதான் நடந்திருந்தது. பிழையை எல்லோரும் சரியான இடத்தில் பார்த்தார்கள். காரணத்தை அந்த இடத்திலேயே தேடினார்கள்.

“மூச்சுக் குழாய் எங்க போகுது?” என்றார் பாய்.

கிராங்க் அறையின் பக்கத்திலிருந்து புறப்படும் ரப்பர்க் குழாய் அது. அதில் வாத்தின் அலகுபோன்ற வால்வு ஒன்று இருக்கும்: பிஸ்டன் இறங்கும்போது காற்றை வெளியே விடும், ஏறும்போது மூடிக்கொள்ளும். எஞ்சினுக்குள் அழுத்தம் சேராமல் காப்பது அந்தச் சிறு அலகுதான். குழாயைத் தடவிக்கொண்டே பின்னால் போனோம். அது மட்கார்டின் உட்புறம், எவர் கண்ணுக்கும் படாத இடத்தில் முடிந்தது. முடிவில் ஒரு மரத்துண்டு செருகப்பட்டிருந்தது. பென்சில் கனத்தில் சீராகச் செதுக்கி, சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவசரத்தில் செய்த வேலையல்ல.

பாய் கம்பியை வெட்டி மரத்துண்டை இழுத்தார். எஞ்சினை முடுக்கியதும் குழாயின் முனை ‘பொக் பொக்’கென்று மூச்சு விட்டது. சில துளிகள் தெறித்து விழுந்தன.

6

பழுது பார்க்க இரண்டு நாள் ஆயிற்று. கிராங்க் தண்டின் சீல் அழுத்தத்தில் உதடு மடங்கிக் கிடந்தது. அதை மாற்ற இடதுபுறக் காலடிக் கம்பி, பிரேக் மிதி, மூடி, செயின், கிளட்சு எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருந்தது. சீல் நின்ற இடத்தில் தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தார், இல்லை. அலகு வால்வு கல்போல இறுகியிருந்ததால் அதையும் மாற்றச் சொன்னார். புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும் அலைந்து வாங்கிவந்தோம். வளைந்த மூடியைக் கண்ணாடிப் பலகையின் மேல் விரித்த உப்புத்தாளில் வட்டவட்டமாகத் தேய்த்து விளிம்பைச் சமப்படுத்தினார். முந்தையவர்கள் அப்பிய சிலிக்கானை ஒரு துணுக்கு விடாமல் சுரண்டினார். பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்தால் எண்ணெய் வழிகளை அடைக்கும் என்றார். நட்டை முறுக்கும்போது எங்களில் ஒருவர் ‘இன்னும் கொஞ்சம்’ என்றார். பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

வண்டியைத் திருப்பிக் கொண்டுபோன அன்று மாலை, அந்த மரத்துண்டை அக்காவிடம் காட்டினோம். கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இது அவர் செதுக்கினது,” என்றார். “அருவாமனையில உட்கார்ந்து செதுக்கினார். நான்தான் சத்தம் போட்டேன், கோலம் போடற இடத்துல வண்டி சொட்டுதுன்னு. அன்னிக்கே ஏதோ செஞ்சுட்டு வந்து, இனிமே சொட்டாதுன்னார். கொஞ்ச நாள் சொட்டவும் இல்ல.”

நாங்கள் எதுவும் சொல்லவில்லை. இயந்திரம் அறியாத மனிதர் அல்லர் அவர்; ஆயினும் அந்தக் குழாயின் முனையில் விழுந்த நாலு துளி அவர் கண்ணுக்குக் கசிவாகப்பட்டிருக்கிறது. எங்கள் கண்ணுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். அவர் அடைத்த பிறகு எண்ணெய் வேறு வழிகளைக் கண்டுபிடித்தது. அதன்பின் அக்கா திட்டவில்லையா என்று எங்களில் ஒருவர் கேட்டார்.

“திட்டல. அவ்வளவு பாடுபட்டுச் செஞ்சாரேன்னு விட்டுட்டேன்,” என்றார்.

ஒரு சொல் கேட்டு அவர் அடைத்தார். அதை எண்ணி இவர் பேசாதிருந்தார். கறை அகன்றுகொண்டே போயிற்று. இதிலிருந்து நாங்கள் எந்த நீதியையும் எடுக்கப் போவதில்லை. எஞ்சினைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லலாம்: பழைய வண்டியில் கசிவை நிறுத்தப் போகிறவர், முதலில் அது எந்த எண்ணெய் என்று அறிய வேண்டும், அடுத்து உள்ளே காற்று எப்படி வெளியேறுகிறது என்று பார்க்க வேண்டும். பேக்கிங்கை மாற்றுவது அதற்குப் பிறகு.

வண்டி இப்போது முற்றிலும் ஒழுகாமல் இருக்கிறதா என்றால், இல்லை. மூச்சுக் குழாயின் முனையை ஒரு பிளாஸ்டிக் குப்பியில் விட்டு, குப்பியின் கழுத்தில் காற்றுப் போகத் துளையிட்டிருக்கிறோம். வாரத்துக்கு ஒரு கரண்டி எண்ணெய் அதில் சேரும். ஞாயிறுதோறும் எங்களில் முறை வருபவர் போய் அதைக் கொட்டிவிட்டு, வண்டியைத் தெருமுனைவரை ஓட்டிவருவார். சத்தம் கேட்டு அக்கா வாசலுக்கு வருவார்.

பொங்கலன்று பழைய கறையின் மேல்தான் கோலம் போட்டிருந்தார். கருப்பின் மேல் மாவு நன்றாக எடுத்துக்காட்டியது.